வீட்டிற்கு முன் அண்டை வீடு

சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு மாலை, அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். சிறு பிராயத்தில் எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஸலாம் கூறி அருகில் வந்து அமர்ந்தார். இன்று அவர் சென்னையில் பணிபுரியும் பொறியாளர். ஒரு குழந்தையின் தந்தை.

"ஹஜ்ரத், அமெரிக்காவில் வேலை கிடைத்திருக்கிறது. அயோவா மாநிலத்தில் சீடர் ராப்பிட்ஸ் என்னும் ஊர். தாங்கள் அங்கே இருந்துவிட்டு வந்தவர்கள். குடும்பத்தோடு போகலாமா என்று தங்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாமென வந்தேன்" என்றார்.

அவருடைய கையில் ஒரு தாள் இருந்தது. சம்பளம் இவ்வளவு, மத்திய அரசின் வரி இவ்வளவு, மாநில வரி இவ்வளவு, வீட்டு வாடகை, கார்த் தவணை, காப்புறுதி, ஊருக்கு அனுப்பும் தொகை என்று எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. கூட்டிப் பார்த்தோம். கணக்கில் பிழையில்லை. ஆயினும் அத்தாளைத் திருப்பிக் கொடுக்க எமக்கு மனம் வரவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் எம் மகளை அதே ஊருக்கு அனுப்பியபோது நாமும் இத்தகைய தாள் ஒன்றைத்தான் பார்த்தோம். கணக்குச் சரியாக இருக்கிறது என்று மகிழ்ந்து, அவளுக்கு உபதேசமும் செய்து அனுப்பினோம். அந்த உபதேசத்தில் நாம் செய்த பிழையை வாசக நேயர்களிடம் மறைக்காமல் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் ஊர் காயல்பட்டினம். எம் ஊரில் பெண்பிள்ளைகள் மணமான பின்பும் தாய் வீட்டிலேயே இருப்பர். மாப்பிள்ளைதான் பெண் வீட்டிற்கு வருவார். வீடுகளின் பின்புறமாகப் பெண்கள் மட்டும் நடப்பதற்கென்று குறுகிய முடுக்குகள் உண்டு. ஆடவர் கண்ணில் படாமல் ஒரு வீட்டின் அடுக்களையிலிருந்து மறு வீட்டின் அடுக்களைக்குப் போய் வரலாம். உப்புக் குறைந்தாலும், குழந்தை அழுதாலும், மனம் சரியில்லாவிட்டாலும் முடுக்கில் நான்கு அடி வைத்தால் ஒரு மாமியோ பெரியம்மாவோ இருப்பார்கள். இந்த ஊரில், இந்த முடுக்கில் வளர்ந்த பெண்ணைத்தான் 2018ஆம் ஆண்டு எம் மாப்பிள்ளையின் வேலை நிமித்தமாகப் பூமியின் மறுபுறத்திற்கு அனுப்பினோம்.

புறப்படும் நாளில் அவளை அருகில் அழைத்து மூன்று சொற்கள் சொன்னோம். தொழுகையை விட்டுவிடாதே. சந்தேகமான உணவை உண்ணாதே. அந்நியரோடு பழகாதே, வாசலைத் தாழிட்டுக்கொண்டு இரு. "சரி வாப்பா" என்றாள். மூன்றையும் அவள் ஒரு சொல்லும் தவறாமல் கடைப்பிடித்தாள் என்பதைப் பின்னர் எம் கண்ணாலேயே கண்டோம்.

அவளுடைய முதற் பிரசவத்திற்காக 2020 ஜனவரி இறுதியில் நாமும் எம் துணைவியாரும் அங்குச் சென்றோம். சிகாகோ விமான நிலையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ நான்கு மணி நேரக் கார்ப் பயணம். வழிநெடுகிலும் சமவெளி. கோடையில் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் அந்நிலம் முழுவதும் அப்போது வெண்பனி மூடிக் கிடந்தது. சீடர் ராப்பிட்ஸ் சீடர் ஆற்றின் இரு கரையிலும் அமைந்த நகரம். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி மக்கள்தொகை 1,37,710. நியூயார்க்கைப் போன்ற பெருநகருமன்று, சிற்றூருமன்று. பெரிய தானிய ஆலைகளும், விமானங்களுக்கான மின்னணுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையும் உண்டு. காற்று ஒரு பக்கமாக அடித்தால் ஓட்ஸ் வறுபடும் வாசனை ஊரெங்கும் வீசும்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தோம். ஆனால் கேட்டது வேறு, பட்டது வேறு. ஜனவரி இரவுகளில் சுழியத்திற்குக் கீழே பத்துப் பாகைக்கும் அப்பால் இறங்குவது அங்கே வாடிக்கை. காற்றும் சேர்ந்துகொண்டால் முகத்தில் ஊசி குத்துவது போலிருக்கும். ஊரிலிருந்து கொண்டுபோன கம்பளிச் சட்டைகள் எதற்கும் பயன்படவில்லை. அக்குளிருக்குரிய மேலங்கி, கையுறை, பனியில் வழுக்காத காலணி இவற்றை அங்கேயே வாங்குவதுதான் சிறந்தது. இதற்கு முதற் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவிட வேண்டும்.

முதல் நாள் இரவு இஷாத் தொழுவதற்காக, பழக்கத்தின் காரணமாக மேற்கு எதுவென்று கேட்டோம். மகள் சிரித்துக்கொண்டு, "இங்கே கிப்லா வடகிழக்கு வாப்பா" என்றாள். முப்பது ஆண்டுகள் கிப்லாவின் சட்டங்களைப் பாடம் நடத்திய எமக்கு ஒரு கணம் திகைப்பு உண்டாயிற்று. உருண்டையான பூமியின் மீது மக்காவுக்குச் செல்லும் மிகக் குறுகிய வழி அங்கிருந்து வடகிழக்காகவே புறப்படுகிறது என்பதைப் பின்னர் உருண்டை ஒன்றில் நூல் பிடித்துப் பார்த்துத் தெளிந்தோம்.

வக்துகளும் அவ்வாறே. டிசம்பர் இறுதியில் சூரியன் காலை ஏழரைக்கு உதித்து மாலை 4.40 அளவில் மறைந்துவிடும். அலுவலகத்தில் இருப்பவருக்கு லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் பணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடும். ஜூன் மாதத்திலோ மஃரிப் இரவு 8.45க்கு, இஷா பத்தரையையும் தாண்டும், சில மணி நேரத்தில் சுபுஹு வந்துவிடும். இதனோடு மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுப்பர். நெடுநாள் தங்கச் செல்பவர் பயணிக்குரிய சலுகையைக் காட்டித் தொழுகையைச் சுருக்கவும் இயலாது. நான்கு நாள் தங்க நாடினாலே அச்சலுகை நீங்கிவிடும் என்பது நம் ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. எனவே, பணியில் சேரும் நாளிலேயே தொழுகைக்கு ஓர் இடமும் பத்து நிமிடமும் மேலாளரிடம் கேட்டுப் பெற்றுவிடுதல் நலம். எம் மாப்பிள்ளை கேட்டார்; மறுப்பேதுமின்றிக் கொடுத்தார்கள்.

உணவைப் பற்றிச் சொல்வதானால், அம்மாநிலத்தின் மக்கள் ஏறத்தாழ 32 இலட்சம். அங்கு வளர்க்கப்படும் பன்றிகளோ இரண்டு கோடிக்கும் மேல். அமெரிக்காவிலேயே பன்றி வளர்ப்பில் முதலிடம் அயோவாவிற்குத்தான். ஆகவே ரொட்டியாயினும், மிட்டாயாயினும், குழந்தையின் இருமல் மருந்தாயினும் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்காமல் வாங்கலாகாது. ஜெலட்டின் என்னும் பெயரையும், லார்ட் என்னும் பன்றிக் கொழுப்பின் பெயரையும் வீட்டிலுள்ள பெண்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். எம் மகள் கற்றிருந்தாள். எம் இரண்டாம் உபதேசத்தை அவள் காத்த விதம் அது.

மூன்றாவது உபதேசத்தை அவள் காத்த விதத்தைக் கண்டபோதுதான் எம் உள்ளம் கலங்கிற்று.

வீட்டின் திரைச்சீலைகள் பகலிலும் மூடியே இருந்தன. மாப்பிள்ளை காலையில் காரை எடுத்துச் சென்றால் இருட்டிய பின்தான் திரும்புவார். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவ்வூரில் கார் இல்லாதவருக்குக் கால் இல்லை. கடைத்தெரு என நாம் கருதும் ஒன்று நடந்து போகும் தூரத்தில் கிடையாது. குளிர்காலத்தில் அங்கும் இங்கும் பதினொன்றரை மணி நேர வேறுபாடு. நம் ஊரில் லுஹர் பாங்கு சொல்லும்போது அங்கே நள்ளிரவைக் கடந்திருக்கும். எம் மகள் இரவெல்லாம் விழித்திருந்து உம்மாவுடன் தொலைபேசியில் பேசுவாள், பகலில் உறங்குவாள். பேசுவதற்கு ஒன்றுமில்லாத நாட்களில், "உம்மா, தொலைபேசியை அடுக்களையில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பாளாம். அம்மியின் ஓசையையும், முடுக்கு வழியே வரும் பெண்களின் பேச்சையும் கேட்டுக்கொண்டே பூமியின் மறுபுறத்தில் ஒருத்தி படுத்திருந்தாள். இதனை எம் துணைவியார் எம்மிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நாம் அதனைத் தாய்மகள் பாசம் என்று எண்ணிக் கடந்திருப்போம்.

அடுத்த வீட்டில் வயது முதிர்ந்த தம்பதியர் இருந்தனர். பனி பெய்த காலையில் அம்முதியவர் தம் வீட்டின் முன்னுள்ள நடைபாதைப் பனியை இயந்திரத்தால் அகற்றுவார். அப்படியே எம் மகள் வீட்டின் முன்னுள்ளதையும் அகற்றிவிட்டுப் போவார். தன் வீட்டு முன் நடைபாதையைத் துப்புரவு செய்வது அங்கே அவரவர் கடமை. செய்யாவிடில் நகராட்சி கேட்கும். "எத்தனை நாளாக இவர் இதைச் செய்கிறார்?" என்று மகளிடம் கேட்டோம். "இரண்டு குளிர்காலமாக" என்றாள். "நீ அவர்களிடம் பேசியதுண்டா?" என்றதற்கு, எம்மை ஏறிட்டுப் பார்த்து, "நீங்கள்தானே வாப்பா பழகாதே என்றீர்கள்" என்றாள். குற்றம் சாட்டும் குரலில்லை அது. அதனாலேயே அது எம்மை அதிகம் சுட்டது.

மார்ச் மாத இறுதியில் பேரன் பிறந்தான். அதற்குள் கொரோனா நோய் பரவி, இந்தியாவிற்கான விமானங்கள் நின்றுவிட்டன. மருத்துவமனைக்குள் மாப்பிள்ளையை மட்டுமே அனுமதித்தனர். பிள்ளையின் காதில் பாங்கை அவரே சொன்னார். பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 24இல் தொடங்கிய ரமளானின் தராவீஹை நால்வரும் வீட்டுக் கூடத்திலேயே தொழுதோம். ஐந்து மாதத்திற்கென்று போன நாம், தங்கும் அனுமதியை நீட்டிக்க மனுச் செய்து அங்கேயே இருக்க நேர்ந்தது.

2020 ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை. லுஹர் வக்துக்கு இன்னும் அரை மணிக்கு மேல் இருந்தது. திடீரென்று ஊரெங்கும் சங்கொலி எழுந்தது. மாதந்தோறும் சோதனைக்காக ஒலிக்கும் சங்கு அதுவென்று நாம் எண்ணினோம். வானம் ஒரு பக்கம் கறுத்து, பச்சை நிறம் கலந்து தெரிந்தது. மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். அப்போது கதவை யாரோ ஓங்கித் தட்டும் ஓசை. திறந்தால், அடுத்த வீட்டு மூதாட்டி. அவர் என்ன சொன்னாரென்று எமக்குப் புரியவில்லை. எம் துணைவியாரின் கையைப் பற்றி இழுத்தார். மகள் குழந்தையை அள்ளிக்கொண்டாள். மகள் இருந்த வாடகை வீட்டிற்கு நிலவறை இல்லையென்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அத்தகைய காற்றில் நிலவறை இல்லாத வீடு பாதுகாப்பில்லை என்பது எமக்குத் தெரியவில்லை.

அவர்களுடைய நிலவறைப் படிகளில் நாம் இறங்கி முடிப்பதற்குள் மேலே இரைச்சல் எழுந்தது. டெரேச்சோ என்பர் அக்காற்றை. ஸ்பானிய மொழியில் 'நேர்' என்று பொருள். சுழலாமல் நேராகப் பாய்ந்து வருவதால் அப்பெயர். 1888ஆம் ஆண்டு அதே அயோவாவில் வாழ்ந்த ஹின்ரிக்ஸ் என்னும் பேராசிரியரே அப்பெயரைச் சூட்டினார். அன்றைய காற்றின் உச்ச வேகம் மணிக்கு 140 மைல் வரை இருந்ததாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். முக்கால் மணி நேரத்திற்கு மேல் அது ஓயவில்லை. அதற்குள் அந்நகரின் மரங்களில் பாதிக்கும் மேல் அழிந்தன. எம் மகளின் வீட்டுக் கூரையின் ஒரு பகுதி பெயர்ந்து, பின்னிருந்த பெரிய மரம் அவள் உறங்கும் அறையின் மீது சாய்ந்திருந்தது.

நிலவறையில் லுஹர் வக்து வந்தது. நாம் எழுந்து நின்று திசை தெரியாமல் தயங்கினோம். மகள் அம்முதியவரிடம் வடக்கு எதுவென்று கேட்டாள். வாழ்நாளெல்லாம் நிலத்தை உழுத விவசாயி அவர். ஒரு சுவரைக் காட்டி வடக்கு என்றார். மற்றொன்றைக் காட்டிக் கிழக்கு என்றார். பிறகு, நாம் தொழப்போகிறோம் என்பதை உணர்ந்து, கையிலிருந்த வானொலியின் ஒலியைக் குறைத்துக்கொண்டு ஒரு பெட்டியின் மேல் அமர்ந்தார். இரு சுவர்களும் கூடும் மூலையை நோக்கி நாம் தக்பீர் கட்டினோம்.

அல்ஹம்துலில்லாஹ், மாப்பிள்ளை மாலையில் நலமுடன் வந்து சேர்ந்தார். மின்சாரம் ஒரு வாரத்திற்கு மேல் வரவில்லை. தொலைபேசியும் வேலை செய்யவில்லை. முதியவர் மரமறுக்கும் வாளோடு வந்து, மாப்பிள்ளையையும் உடன் வைத்துக்கொண்டு இரண்டு நாள் மரத்தை அறுத்தார். தெருவார் தத்தம் குளிர்பெட்டிகளில் கெட்டுப்போகவிருந்த இறைச்சியை வெளியே அடுப்பு மூட்டிச் சுட்டு எல்லார்க்கும் கொடுத்தனர். மூதாட்டி எங்களிடம் வந்து, "நீங்கள் எதை உண்பீர்கள், எதை உண்ணமாட்டீர்கள்?" என்று கேட்டார். மகள் சொன்னாள். மறுநாள் முதல் அவித்த சோளக் கதிர்களும் முட்டையும் தனிப் பாத்திரத்தில் வந்தன. எம் துணைவியார் அவர்களுடைய அடுப்பிலேயே நோன்புக் கஞ்சி போல் ஒரு கஞ்சி காய்ச்சித் தெரு முழுவதற்கும் கொடுத்தார். பள்ளிவாசல் ஜமாஅத்தைச் சேர்ந்த சூடானிய, பாக்கிஸ்தானிய சகோதரர்கள் பனிக்கட்டியும் குடிநீரும் கொண்டு வந்து தந்தனர். அந்த ஒரு வாரத்தில் எம் மகள் இரண்டு ஆண்டுகளில் பேசாத பேச்சையெல்லாம் பேசினாள். இரவில் உறங்கினாள்.

அன்பர்களே, திருமறையின் அந்நிஸா அத்தியாயம் 36ஆம் வசனத்தை நாம் முப்பது ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறோம். நன்மை செய்யப்பட வேண்டியவர்களின் வரிசையில் உறவினரான அண்டை வீட்டாரையும், 'ஜுனுப்' ஆகிய அண்டை வீட்டாரையும் அல்லாஹ் தனித்தனியே எண்ணிக் கூறுகின்றான். 'ஜுனுப்' என்பதற்குத் தொலைவானவர், அந்நியர் என்று பொருள் சொல்லி, அச்சொல்லின் இலக்கணத்தையும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறோம். அப்படிப்பட்ட நாமே, அந்நியர் என்னும் ஒரே காரணத்திற்காக அவ்வண்டை வீட்டாருக்கு எதிரே கதவைத் தாழிடுமாறு மகளுக்கு நஸீஹத் செய்தோம். அது மார்க்கம் சொன்னதன்று; எம் அச்சம் சொன்னது. அதற்கு மார்க்கத்தின் ஆடையை உடுத்தி அனுப்பியது எம் பிழை. அவள் அதனை வாப்பாவின் சொல் என்று மட்டுமல்ல, ஓர் ஆலிமின் சொல் என்றும் ஏற்றாள்.

அரபியில் ஒரு பழமொழி உண்டு: "அல்ஜாரு கப்லத் தார்." வீட்டிற்கு முன் அண்டை வீட்டார் என்பது பொருள். இதனை ஹதீஸ் என்று சொல்வாரும் உளர். அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்பது ஹதீஸ்கலை அறிஞர்களின் கருத்து. தொடர் எப்படியாயினும் கருத்தில் பழுதில்லை என்பதற்கு அவ்வூரிலேயே ஒரு சான்று இருக்கிறது.

அந்நகரின் வடமேற்குப் பகுதியில், ஒரு குடியிருப்புத் தெருவில், மரத்தாலான சிறிய பள்ளிவாசல் ஒன்றுண்டு. வாயிலின் மேலுள்ள பச்சைக் குவிமாடத்தை நீக்கிவிட்டால் அதனைச் சாதாரண வீடென்றே எண்ணலாம். அதனை இன்று 'அமெரிக்காவின் தாய்ப் பள்ளிவாசல்' என்று அழைக்கின்றனர். 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. பள்ளிவாசலாகவே கட்டப்பெற்று இன்றளவும் நிலைத்திருப்பவற்றுள் அந்நாட்டிலேயே மிகப் பழமையானது. கட்டியவர்கள் இன்றைய லெபனான், சிரியா பகுதியிலிருந்து வந்த முஸ்லிம்கள். அவர்களுள் பலர் தோளில் மூட்டை சுமந்து பண்ணை பண்ணையாக நூலும் ஊசியும் துணியும் விற்றுப் பிழைத்தவர்கள். அமெரிக்கா முழுவதும் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் தவித்த ஆண்டுகளில் அவர்கள் இதனைக் கட்டினார்கள்.

முன்பின் அறியாத வீட்டுக் கதவைத் தட்டி விற்றவர்களுக்கு, தாழிட்ட வாசலுக்குள் வாழ்தல் எப்படி இயலும்? அக்கம்பக்கத்தாரோடு கலந்தே வாழ்ந்தார்கள். தீனையும் விடவில்லை. 1948இல் முஸ்லிம்களுக்கென்றே அவ்வூரில் ஒரு கபுருஸ்தான் அமைத்தார்கள். அவர்களுடைய வழிவந்த அப்துல்லாஹ் இக்ராம் என்பவர் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். படைவீரரின் அடையாளத் தகட்டில் கிறிஸ்தவர்க்கும் யூதர்க்கும் எழுத்து இருந்தது, முஸ்லிமுக்கு இல்லை. இக்குறையைப் பின்னர் அவர் ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கே எழுதி முறையிட்டார். 1952இல் பல மாநில முஸ்லிம்களையும் அழைத்து அவர் மாநாடு கூட்டியதும் இதே சீடர் ராப்பிட்ஸில்தான். ஜமாஅத் பெருகி 1970களின் தொடக்கத்தில் பெரிய பள்ளிக்கு மாறியபோது பழைய கட்டடம் பிறர் கைக்குப் போயிற்று; 1990களின் தொடக்கத்தில் முஸ்லிம்கள் அதனை மீட்டுச் செப்பனிட்டார்கள். 2008 ஜூன் மாத வெள்ளத்தில் சீடர் ஆறு 31 அடிக்கு மேல் உயர்ந்து நகரின் பத்துச் சதுர மைலுக்கும் கூடுதலான பரப்பை மூழ்கடித்தபோது, அப்பள்ளியின் நிலவறையும் நீரில் மூழ்கியது. மீண்டும் துடைத்துத் துப்புரவு செய்து விளக்கேற்றினார்கள்.

கொரோனா வருமுன், பிப்ரவரியில், அப்பள்ளியில் இரண்டு ரக்அத் தொழும் பேறு எமக்குக் கிடைத்தது. அன்று அதன் வரலாற்றைக் கேட்டு வியந்தோமேயன்றி, அதிலிருந்து எம் மகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய பாடம் எதுவென்று தோன்றவில்லை. அதற்கு ஒரு காற்று அடிக்க வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாணவர், "அப்படியானால் நான் என்ன செய்ய வேண்டும் ஹஜ்ரத்?" என்றார். அவருடைய தாளின் மறுபக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னோம்.

உங்கள் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொள்வது ஆடம்பரமன்று. ஊரிலேயே தொடங்கி, அங்குச் சென்ற முதல் ஆண்டிற்குள் உரிமம் பெறச் செய்யுங்கள். உங்கள் விசாவைச் சார்ந்து வரும் மனைவிக்கு உடனே வேலை செய்யும் உரிமை கிடையாது. நிரந்தர வசிப்பிற்கான உங்கள் மனு ஒரு கட்டம் கடந்த பின்பே அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது 2015இல் வந்த ஏற்பாடு. ஆகவே அவர் படித்தவராயின், வீட்டில் அடைந்திருக்கும் ஆண்டுகளைப் பற்றி இப்போதே இருவரும் பேசிக்கொள்ளுங்கள். வேலை போய்விட்டால், வேறு வேலை தேடிக்கொள்ளவோ நாடு திரும்பவோ பெரும்பாலும் அறுபது நாள்தான் தவணை. ஆறு மாதச் செலவுக்குரிய பணம் கையில் இருக்கட்டும். விசாச் சட்டங்கள் அடிக்கடி மாறுவன. நண்பர் சொன்னாரென்று நம்பாமல் வழக்கறிஞரைக் கேளுங்கள். பெற்றோரை அழைக்கும்போது மருத்துவக் காப்புறுதியின் நிபந்தனைகளை முழுவதும் படியுங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலியவற்றிற்கு அது பெரும்பாலும் பணம் தராது.

வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்குமுன் இரண்டு கேளுங்கள்: 2008இல் இவ்விடத்தில் நீர் ஏறியதா? நிலவறை உண்டா? சங்கு ஒலித்தால் எங்கே இறங்குவது என்பதைக் குடிபுகுந்த அன்றே மனைவிக்குக் காட்டுங்கள். பள்ளிவாசலுக்கும் வீட்டிற்கும் உள்ள தூரத்தைப் பனிக்காலத்தை மனத்தில் வைத்து அளந்து பாருங்கள். வீட்டில் தமிழ் பேசுங்கள். பள்ளியில் பிள்ளை ஆங்கிலத்தைத் தானே கற்றுக்கொள்வான், தமிழை அங்கே அவனுக்கு வேறு யாரும் கற்பிக்கமாட்டார்கள்.

குடிபுகுந்த முதல் வாரத்தில் இருவரும் சேர்ந்து இரு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள். பெயரைச் சொல்லுங்கள், அவர்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏதேனும் ஓர் இனிப்பைக் கொண்டு செல்லுங்கள். நிலக்கடலை, முந்திரி போன்றவை சிலருக்கு ஒவ்வா, ஆகையால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அவர்கள் மது அருந்தும் விருந்துக்கு அழைத்தால், வர இயலாத காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். சொன்னதற்காக எம் மகளை எவரும் வெறுக்கவில்லை. இதை நாம் எழுதச் சொன்னபோது அவர் சற்றே தயங்கி எம்மை நோக்கினார். எம் பழைய பாடங்களை நினைத்திருக்கலாம். "எழுதுங்கள். முன்பு நாம் சொன்னது தவறு" என்றோம்.

எம் மகள் இன்னும் அவ்வூரில்தான் இருக்கிறாள். இப்போது கார் ஓட்டுகிறாள். நாம் திரும்பி வந்த இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு நாள் நடுப்பகலில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. அவளுக்கு அது நள்ளிரவு. அடுத்த வீட்டு முதியவர் இறந்துவிட்டார் என்று அழுதாள். "நான் அந்த வீட்டிற்குப் போகலாமா வாப்பா?" என்று கேட்டாள். மாற்று மதத்தாரின் துக்கத்தில் கலந்து ஆறுதல் கூறுவது ஆகும் என்பதற்கு நம் ஃபிக்ஹு நூல்களில் இடமுண்டு. ஆனால் அதனை விரித்துச் சொல்லும் நேரமன்று அது. அவள் எம்மிடம் அனுமதி கேட்க நேர்ந்ததே எமக்கு வருத்தமளித்தது. "உடனே போ மகளே. அந்த அம்மையாரின் பக்கத்தில் இரு. விடியும்வரை இரு" என்றோம்.

மறுநாள் பேசியபோது சொன்னாள்: இரவெல்லாம் பனி பெய்ததாம். சுபுஹு தொழுத கையோடு எம் மாப்பிள்ளை மண்வாரியை எடுத்துக்கொண்டு போய், முதலில் அவ்வீட்டு நடைபாதையைத் துப்புரவு செய்துவிட்டு, அதன் பிறகு தம் வீட்டிற்கு வந்தாராம்.

வாழ்வு தேடித் தொலைதூரம் செல்லும் நம் பிள்ளைகளுக்கு வல்ல நாயன் நல்ல அண்டை வீட்டாரைத் தருவானாக. அவர்களையும் நல்ல அண்டை வீட்டாராக ஆக்குவானாக. ஆமீன்.